நீரோட்டம் பார்த்த கம்பிகள்

வாலாஜா, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் கிணறு வெட்டுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பது வழக்கம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பவர் உண்டு. வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பவரும் உண்டு. போர் போடும் வண்டிகள் ஊருக்கு ஊர் வரத் தொடங்கிய காலத்தில் மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. நான்கு இரும்புக் கம்பி, சுத்தியல், உருளையில் சுற்றிய ஒயர், தோளில் மாட்டிய ஒரு பெட்டி. இவ்வளவுதான் அவர்களுடைய சொத்து. அந்தக் கூட்டத்தில் ஒயர் இழுக்கும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு பெட்டியைப் பார்த்து எண் சொல்பவனானேன். வயது ஏறிய பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போடுபவனுமானேன். பாலாற்றங்கரையில் அந்தக் கம்பிகளின் வேலை எப்படி மாறிப்போனது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வேலை இப்படி நடக்கும். நிலத்தில் நேர்க்கோடாக நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் அடிப்போம். வெளியே உள்ள இரண்டு கம்பிகள் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் போகும். உள்ளே உள்ள இரண்டும் நடுவில் எவ்வளவு மின்னழுத்தம் இறங்குகிறது என்று பார்க்கும். உள்ளே விட்ட மின்சாரத்தின் அளவையும் அந்த மின்னழுத்தத்தையும் இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டால் மண்ணின் மின்தடை கிடைக்கும், ஓம் மீட்டர் அளவில். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் இன்னும் ஆழத்தில் இறங்கி வரும். ஐந்து மீட்டர், பத்து, இருபது, நாற்பது என்று கோட்டை நீட்டிக்கொண்டே போவோம். கோடை மாதத்தில் மண் காய்ந்து கம்பி பிடிக்காது. அதற்காகக் குடத்தில் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருப்போம். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஒரு சொம்பு ஊற்றி, காலால் மிதித்து இறுக்கி, கையைத் தூக்கிக் காட்டினால் பெட்டிக்காரர் பொத்தானை அழுத்துவார். அவர் எண்ணை உரக்கச் சொல்லுவார், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார். மாலையில் அந்த எண்களை லாக் தாளில் புள்ளி வைத்து வளைகோடு இழுத்து, அச்சிட்ட மாதிரி வளைகோடுகளின் மேல் வைத்து நகர்த்திப் பொருத்திப் பார்ப்போம். ஒரெல்லானா, மூனி என்ற இருவர் 1966ல் வெளியிட்ட வளைகோட்டுத் தொகுப்பு அப்போது எங்கள் தொழிலில் எல்லோர் கையிலும் புழங்கியது. மண் எத்தனை அடி, உளுத்த பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பொருத்தம் சொல்லிவிடும்.

எங்கள் பக்கத்துக் கெட்டிப் பாறை ஆயிரம் ஓம் மீட்டருக்கு மேல் காட்டும். நல்ல தண்ணீர் ஊறிய உளுத்த பாறை சில பத்துகளில் நிற்கும். ஆகவே எண் இறங்கினால் எங்களுக்குச் சந்தோஷம், நிலத்துக்காரருக்குப் பெரும் சந்தோஷம். மதியச் சாப்பாட்டில் முட்டை சேருமா சேராதா என்பதைக்கூட அந்த எண்தான் தீர்மானித்தது.

இந்தத் தொழிலின் பூர்வீகம் எங்கள் ஊரில் இல்லை. அமெரிக்க அரசின் தர அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் வென்னர் 1915ல், நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் முறையை எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். பிரான்ஸில் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த கொன்ராட் ஷ்லும்பர்ஜே அதற்குக் கொஞ்சம் முன்பே, 1912ல், நார்மண்டியில் இருந்த தம் குடும்ப எஸ்டேட்டில் மின்சாரம் விட்டு மண்ணின் அடியை வரைபடமாக்கிப் பார்த்திருந்தார். அவருக்கு வேண்டியது உலோகத் தாது. பிறகு அவர் தம்பி மார்செலும் சேர்ந்துகொண்டு எண்ணெய்க் கிணறுகளுக்குள் கருவியை இறக்கினார்கள். 1927ல் அல்சாஸ் பகுதியின் பெஷெல்பிரான் என்ற இடத்தில் அப்படி முதல் மின்பதிவு எடுக்கப்பட்டது. வெளிக் கம்பிகளை மட்டும் தூரத் தூர நகர்த்தி, உள் கம்பிகளைக் கிட்டத்தட்ட அதே இடத்தில் வைத்திருக்கும் முறை ஷ்லும்பர்ஜே பெயரில் வழங்குகிறது. ஆள் குறைவான எங்களுக்கு அதுவே வசதி.

தாது, எண்ணெய், தண்ணீர். நிலத்துக்குள் வைத்தே நிலத்தைப் பார்க்கும் கருவிகளை மனிதன் எதற்குச் செய்தான் என்று தேடிப் போனால் விடை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். நாலாவதாகக் கட்டடத்தின் பாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் பொதுப்பணித் துறைப் பொறியாளர் பீட்டர் பாரன்ட்சன் 1932ல் ஒரு இரும்புக் குழாய்க்குள் கம்பியை விட்டு, நுனியில் கூம்பு பொருத்தி, அதைச் சேற்று மண்ணுக்குள் கையாலேயே அழுத்திப் பார்த்தார். மண் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதை வைத்து அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். நிலமே, நீ எனக்கு என்ன தருவாய் என்பதுதான் இந்தக் கருவிகள் எல்லாவற்றின் கேள்வி. நான் உனக்குள் என்ன கொட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்பதற்காக ஒரு கருவியும் பிறக்கவில்லை. மக்கள் நோயில் விழுந்த பிறகு, ஊர் காலியான பிறகு, இருந்த கருவிகளையே எடுத்து அந்தக் கேள்விக்குத் திருப்பினார்கள். என் கையில் இருந்த நான்கு கம்பிகளுக்கும் அதுதான் நடந்தது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் புதிதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்த தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே இங்கிருந்து கப்பலேறியது. ஊறவைத்த தண்ணீர் அப்போதும் நாறத்தான் செய்தது. உப்பும் இருந்தது. ஆனால் 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் கிடைத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் பெருகின. பட்டையின் இடத்துக்குக் குரோமியம் உப்பு வந்தது. வாரக்கணக்கான வேலை ஒரே நாளில் முடிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ல் சொன்ன தீர்ப்பில் இந்தக் கணக்குகள் இருக்கின்றன: ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் 170 வகை ரசாயனம், தோல் தொழில் வட்டாரத்தில் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு ஆகாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். அந்த 35,000 என்பது வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் மதிப்பீடு. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். எங்கள் ஊர் மண்ணை வைத்துப் பிறந்த சட்டம் அது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படிக்கும்போது எந்த மண் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்புக்கு வெகுமுன்பே எங்கள் பெட்டி வேறு மாதிரி பேசத் தொடங்கியிருந்தது. பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஏற்கெனவே இரண்டு போர் போட்டுக் கைவிட்ட ஒரு விவசாயியின் நிலத்துக்குப் போயிருந்தோம். கோடைகாலம். குடத்தில் உப்புத் தண்ணீர் தயாராக இருந்தது, ஆனால் ஊற்றாமலே கம்பி பிடித்தது. மேலே தூசி பறக்கிற மண், அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் பிசுபிசுவென்று ஈரம். வரப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பத்து மீட்டர் இடைவெளியில் பெட்டி எட்டு ஓம் மீட்டர் காட்டியது. இருபதில் ஆறு. இவ்வளவு இறங்கினால் அந்தக் காலத்துக் கணக்கில் தண்ணீர் பொங்கி வர வேண்டும். ஒயர் இழுத்த பையன் சிரித்தான். நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. வரப்பு மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“தம்பி, தண்ணி இருக்குதான்னு நான் உன்னக் கேக்கல. அது இருக்குது. நல்ல தண்ணியான்னு உன் பொட்டி சொல்லுமா?”

“சொல்லாது ஐயா. உப்பு இருக்குதுன்னு மட்டும் சொல்லும்.”

“அதத்தான் என் நாக்கே சொல்லுதே.”

மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். எது களர், எது உவர், எந்த மண்ணை வண்ணார் துணி வெளுக்க அள்ளிப் போவார்கள் என்பதெல்லாம் நாக்குக்கும் விரலுக்கும் தெரிந்திருந்தது. அந்த நாக்கு அளந்ததைத்தான் பெட்டியும் அளந்தது. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், ஆகவே தடை குறையும். பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு முதல் கழுவலிலேயே தண்ணீரோடு வெளியே வரும். பாலாற்றங்கரை நிலத்தில் இறங்கியதில் பெரும்பங்கு அதுதான். நாக்குக்கு எட்டாத ஒன்றைப் பெட்டியால் செய்ய முடிந்தது. உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, யாருடைய கிணற்றை இன்னும் தொடவில்லை என்று நிலத்தைக் கிளறாமலே காட்ட முடிந்தது. அன்றிலிருந்து குறைந்த எண் வந்தால் எங்கள் கூட்டத்தில் யாரும் சிரிப்பதில்லை. எங்கள் தொழிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. அதே கம்பி, அதே கணக்கு. எண்ணின் பொருள் மட்டும் தலைகீழானது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கும் குரோமியக் கழிவு மேட்டுக்கு வருகிறேன். தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமியம் உப்பைச் செய்வதற்காக 1976ல் இயங்கத் தொடங்கியது தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் தொழிற்சாலை. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரையும் குரோமேட்டைப் பிரித்தெடுப்பார்கள். சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும். அந்தச் சக்கையைப் பின்புறத்தில் கொட்டினார்கள். இருபது ஆண்டுகள் கொட்டினார்கள். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் மேடாக நின்றது. மழை பெய்தால் மேட்டின் அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். 2006ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபில், நோரில்ஸ்க் பெயர்களோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தோலில் ஏறும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது; அது பச்சை நிறம், மண்ணில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஆறாவது வகை அப்படியில்லை. களிமண் துகள்களின் மேல் எதிர்மின் சுமை இருக்கிறது, குரோமேட்டுக்கும் எதிர்மின் சுமை. ஒன்றை ஒன்று தள்ளும். ஆகவே மற்ற உலோகங்களைப் பிடித்து நிறுத்துகிற களிமண் இதை விட்டுவிடுகிறது. தண்ணீர் போகும் வேகத்தில் இதுவும் போகும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் இந்தியத் தர அளவின் வரம்பு. ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் வந்து இந்த மேட்டைச் சுற்றிலும் நிலத்தடி நீரில் மாசு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார்கள். சென்னை ஐஐடியினர் நிலத்துக்குள்ளேயே நுண்ணுயிர்களை வளர்த்து மஞ்சள் குரோமியத்தைப் பச்சையாக மாற்றும் சோதனையைச் சிறிய அளவில் செய்து காட்டினார்கள். மண்ணைத் தோண்டி எடுக்காமல் இருக்கிற இடத்திலேயே குணப்படுத்தும் முயற்சி. அது பெரிய அளவில் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இங்கே எங்கள் நான்கு கம்பிகளின் எல்லையையும் சொல்ல வேண்டும். தடை குறைவது உப்பால் இருக்கலாம், குரோமேட்டால் இருக்கலாம், வெறும் களிமண்ணாலும் இருக்கலாம். கம்பி பெயர் சொல்லாது, இடத்தைக் காட்டும். பெயர் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் துளை போட்டு மண் எடுக்க வேண்டும். மண்ணோடு தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வடிகட்டி, அமிலம் ஒரு சொட்டு, டைபீனைல் கார்பசைடு கொஞ்சம் விட்டால் ஆறாம் வகைக் குரோமியம் இருக்கும் இடத்தில் கத்தரிப்பூ நிறம் எழும். வயல் வரப்பில் உட்கார்ந்து செய்யக்கூடிய சோதனை அது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் எண் துல்லியமாக வரும், ஆனால் பையில் கட்டிய மண் வழியிலேயே மாறத் தொடங்குகிறது. இலைமக்கு உள்ள ஈர மண்ணில் ஆறாம் வகை மெல்ல மூன்றாம் வகையாகும். பெட்ரோல், பென்சீன் போன்றவை ஆவியாகிப் பறந்துவிடும். பிளாஸ்டிக் பைக்குள் வெயிலில் கிடந்து மூன்றாம் நாள் மேசைக்கு வரும் மண்ணைப் பரிசோதித்து ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று தரப்படும் தாளை நான் நம்புவதில்லை. ஐஸ் பெட்டியில் வந்ததா, எந்த ஆழத்தில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைப் பார்ப்பேன்.

வெளிநாட்டில் இந்தச் சிக்கலுக்கு வழி தேடவைத்ததும் துயரம்தான். நெதர்லாந்தில் ராட்டர்டாம் பக்கத்தில் லெக்கர்கெர்க் என்று ஒரு கிராமம். பழைய வாய்க்கால்களைக் கழிவுகளால் தூர்த்து, அதன் மேல் 1970களின் தொடக்கத்தில் வீடுகள் கட்டினார்கள். ரசாயன பீப்பாய்களும் அடியில் போயிருந்தன. டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் குடிநீர்க் குழாயின் பிளாஸ்டிக்கையே துளைத்தன. 1980ல் சுமார் 270 வீடுகளில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். 1983ல் மண்ணைச் சுத்தப்படுத்த அந்த நாட்டில் இடைக்காலச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் நயாகரா பக்கத்து லவ் கால்வாயில் 1942 முதல் 1953 வரை கொட்டிய சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவின் மேல் பள்ளிக்கூடமும் வீடுகளும் எழும்பி, 1978ல் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இடங்களைச் சுத்தப்படுத்த 1980ல் சூப்பர்ஃபண்டு சட்டம் வந்தது. இவற்றுக்குப் பிறகுதான் பாரன்ட்சனின் கூம்புக்கு மறுபிறவி கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கம்பனெல்லாவும் வீமீஸும் கூம்புக்கு மேலே மின்தடை அளக்கும் வளையங்களைப் பொருத்தி, நிலத்தடி நீர் மாசைத் தேடுவதற்கென்றே 1990ல் அதை வெளியிட்டார்கள். வென்னரின் கணக்கு பாரன்ட்சனின் குழாயில் ஏறி உட்கார்ந்தது. அந்தச் செய்தியைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே 90களில் அமெரிக்க ராணுவத்தார் கூம்பில் சிறு நீலமணி ஜன்னல் வைத்து, அதன் வழியாக லேசர் ஒளியை மண்ணில் அடித்து, டீசல் இருந்தால் அது ஒளிர்வதைப் பார்த்தார்கள். சூடாக்கிய முனையில் மெல்லிய சவ்வு பொருத்தி, மண்ணில் இருக்கும் ஆவியை உள்ளே இழுத்து மேலே உள்ள கருவிக்கு அனுப்பும் முறையும் வந்தது. கூம்பு நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். இறங்க இறங்க மேலே எண் வந்துகொண்டே இருக்கும்.

அதெல்லாம் சேற்று நிலத்துக்கும் மணல் நிலத்துக்கும் வந்த வரம். ராணிப்பேட்டையில் சில அடி தாண்டினால் உளுத்த பாறை, அதற்குக் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. கூம்பு முட்டி நின்றுவிடும். இங்கே மாசு போவதே அந்த வெடிப்புகள் வழியாகத்தான். ஆகவே எங்கள் மண்ணுக்கு இன்னும் கம்பிதான் தோழன். இப்போது நான்குக்குப் பதிலாகப் பல டஜன் கம்பிகளை ஒரே கோட்டில் நட்டுக் கணினியே மாற்றி மாற்றிப் படிக்கிறது. முன்பு மாலை முழுக்க வளைகோடு பொருத்திய இடத்தில் இன்று திரையில் நிலத்தின் குறுக்குவெட்டு வண்ணத்தில் விரிகிறது. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கியும் வந்திருக்கிறது, தாது தேடுபவர்களிடமிருந்து வந்ததுதான். அதன் முனையைத் தரையில் வைத்து ஒரு நிமிடம் அழுத்தினால் ஈயம், ஆர்செனிக், குரோமியம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆனால் மண்ணில் ஈரம் கூடினால் எண் குறைத்துக் காட்டும். மூன்றாம் வகைக் குரோமியமா ஆறாம் வகையா என்றும் அதற்குத் தெரியாது. துப்பாக்கியும் கத்தரிப்பூ நிறமும் கம்பியும் ஒரே நிலத்தில் ஒரே நாளில் சேர வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், பிறகு படிப்படியாக ஆய்வு நடக்க வேண்டும். லவ் கால்வாய் நடந்து நாற்பத்தேழு ஆண்டு, வேலூர் தீர்ப்பு வந்து இருபத்தொன்பது ஆண்டு கழிந்து வந்த விதி. வந்ததே என்று வரவேற்கிறேன். ஆய்வு தொடங்கும்போது முதல் கேள்வி, இந்த நிலம் முன்னால் எப்படி இருந்தது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடை எங்கள் தொழிலில் கிடக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். போர் போடுவதற்காக வட ஆற்காட்டில் பத்தாண்டுக் கணக்கில் நீரோட்டம் பார்த்திருக்கிறார்கள். தோல் ஷாப் வராத காலத்தில் அந்த வயலின் மின்தடை எவ்வளவு என்பது ஏதோ ஒரு விவசாயியின் தகரப் பெட்டியில், பத்திரத்தோடு மடித்து வைத்த தாளில் இருக்கிறது. பேங்க் கடனுக்காக வாங்கிய அறிக்கைகளிலும் இருக்கும்.

அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். என்னிடம் இருப்பவற்றைச் சர்வே எண் வாரியாக அடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் ஊர், சர்வே எண், பார்த்த மாதம், கம்பி இடைவெளி, அதற்கு எதிரே எண் ஆகிய ஐந்தும் தெரிந்தால் போதும். அதே வரப்பில், அதே மாதத்தில், அதே இடைவெளியில் மறுபடி கம்பி அடித்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் இந்த வேலையைக் கல்லூரி நிலவியல் மாணவர்களே செய்து முடிக்கலாம். பெட்டியும் ஒயரும் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன்.